டிராவல் டிரெய்லரை மட்டமாக நிறுத்துதல்: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சைச் சரிசெய்யும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்-அப் டிரக்கிலோ பெரிய எஸ்யூவியிலோ டிராவல் டிரெய்லரை, அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை, கோத்து இழுப்பவர்களில் பலர், இரண்டு வண்டிகளும் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரே நேர்க்கோட்டில் நின்றுவிட்டால் அவற்றை இணைக்கும் எடைப் பகிர்வு (வெயிட் டிஸ்ட்ரிபியூஷன்) ஹிட்ச் சரியாக அமைந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் டிரக்கின் முன் சக்கரங்களில் இருக்க வேண்டிய எடை இல்லாமல் போயிருக்கலாம்; எடை சரியாகப் பகிரப்பட்டிருந்தும் டிரெய்லரின் மூக்கு தூக்கி நிற்கலாம். டிரெய்லரின் மட்டத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது ஹிட்ச் பந்தின் உயரம். டிரக்கின் முன் அச்சுக்கு எடையைத் திருப்பித் தருவது ஸ்பிரிங் பார்களின் இறுக்கம். இந்த இரண்டையும் தனித்தனியாக, இந்த வரிசையில், சரிசெய்ய வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடப் பார்ப்பதால்தான் பெரும்பாலான அமைப்புகள் கோணலாகின்றன.

கருவியின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின்மீது அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறார்கள். டிராவல் டிரெய்லர்களில் அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வால் வீசத் தொடங்கும். இந்த எடை டிரக்கின் பின் அச்சுக்கும் பின்னால் ஏறக்குறைய ஐந்தடி தள்ளி விழுவதால், பின் அச்சு நெம்புமையமாகி முன் அச்சு மேலெழும்புகிறது. பின்பாரம் கூடிய மாட்டு வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்கள் இலேசாகிவிட்டால் ஸ்டீயரிங் பிடிப்பு தளர்கிறது, முன் பிரேக்குகளின் பலன் குறைகிறது, முகப்பு விளக்குகளும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கின்றன. ஹிட்ச் தலையிலிருந்து டிரெய்லரின் முன்சட்டத்தை நோக்கிப் பின்னோக்கி நீளும் இரண்டு ஸ்பிரிங் பார்களும், மேல்நோக்கி வளைத்து இழுக்கப்பட்ட நிலையில், இணைப்பு இடத்தில் ஒரு முறுக்கு விசையை உண்டாக்குகின்றன. அந்த விசை பின் அச்சின் சுமையில் ஒரு பகுதியை எடுத்து முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டிரக்கின் பின்பக்க அடியில், ஹிட்ச்சைச் செருகும் குழாயான ரிசீவரில் ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். எடைப் பகிர்வு இல்லாமல் எவ்வளவு இழுக்கலாம், எடைப் பகிர்வுடன் எவ்வளவு இழுக்கலாம் என்று இரண்டு அளவுகள் அதில் தனித்தனியே தரப்பட்டிருக்கும். முதலாவது 5,000 பவுண்டு இழுவை, 500 பவுண்டு டங் வெயிட் என்றும், இரண்டாவது 10,000 பவுண்டு, 1,000 பவுண்டு என்றும் இருப்பது அரை டன் பிக்-அப்களில் சாதாரணம். சில வண்டிகளில் இந்த வகை ஹிட்ச்சையே பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர் தடை விதித்திருப்பதால், கையேட்டில் டிரெய்லர் இழுப்பதைப் பற்றிய பகுதியை முழுவதும் படித்துவிடுவது நல்லது. முன் அச்சுக்கு எவ்வளவு எடையைத் திருப்பித் தர வேண்டும் என்ற இலக்கும் அதே பகுதியில்தான் இருக்கும்.

ஸ்பிரிங் பார்கள் 600, 1,000, 1,200, 1,400 பவுண்டு என்று டங் வெயிட்டுக்கு ஏற்ற வலுவில் கிடைக்கின்றன. இங்கே கணக்கில் சேர்க்க வேண்டியது டங் வெயிட் மட்டுமன்று. டிரக்கின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றியிருக்கும் சாமான்களின் எடையையும் சேர்த்தே பார் வலுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலுக்குறைந்த பார் முழுவதும் வளைந்த பின்னும் வேலையை முடிக்காது. தேவைக்கு மிஞ்சிய வலுவுள்ள பார் வளைந்தே கொடுக்காமல் ஒவ்வொரு குண்டுகுழியையும் இரண்டு வண்டிகளின் சட்டத்திலும் இடியாக இறக்கும்.

அடுத்தது சுமை. டிரெய்லரைப் பயணத்துக்குப் போவதுபோலவே நிரப்பிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும்: எரிவாயு சிலிண்டர்கள் நிறைந்திருக்க வேண்டும், சமையல் பாத்திரங்களும் துணிமணிகளும் அவற்றுக்குரிய இடத்தில் இருக்க வேண்டும், வழக்கமாகத் தண்ணீருடன் செல்பவராக இருந்தால் தொட்டியையும் நிரப்ப வேண்டும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்று அதிகம் என்பதால், 40 கேலன் தொட்டி 330 பவுண்டைக் கூட்டிவிடும். அந்தத் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் டங் வெயிட் ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். விற்பனையகத்திலிருந்து டிரெய்லரை எடுத்துவரும் நாளில் அங்கேயே ஹிட்ச்சை அமைத்துத் தருகிறார்கள் என்றாலும், அது காலி டிரெய்லருக்கான அமைப்பு என்பதை மனத்தில் வைத்து, சாமான் ஏற்றிய பின் மறுபடி அளப்பது அவசியம்.

இடமும் முக்கியம். வீட்டு வாசலில் உள்ள சரிவான டிரைவ்வே இதற்கு உதவாது. காலியான, சமதளமான கான்கிரீட் வாகன நிறுத்துமிடமே ஏற்றது. டிரெய்லர் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: அளவு டேப், ரசமட்டம், பெரிய சாக்கெட்டுகள், அதிக விசை தாங்கும் டார்க் ரெஞ்ச், ஒரு நோட்டு, மாஸ்கிங் டேப். டிரக்கில் தானாக உயரத்தைச் சரிசெய்யும் சஸ்பென்ஷன் இருந்தால் அதை எந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் சஸ்பென்ஷனுக்கு உதவியாகப் பின்னாளில் சேர்த்த காற்றுப்பைகள் (ஏர் பேக்குகள்) இருந்தால், அவற்றில் குறைந்தபட்சக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஹிட்ச்சை அமைத்து முடிக்க வேண்டும். ஏர் பேக் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுமே தவிர, முன் அச்சுக்கு ஒரு பவுண்டைக்கூடத் திருப்பித் தராது.

பந்தின் உயரம்

முதலில் டிரக்கைக் கோக்காமல், டிரெய்லரைத் தனியே அதன் ஜாக்கின் உதவியால் மட்டமாக நிறுத்த வேண்டும். ரசமட்டத்தை உள்தரையில் வைப்பதைவிட, டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை முன்கோடியிலும் பின்கோடியிலும் அளந்து இரண்டும் சமமாகும்வரை ஜாக்கைச் சுற்றுவது நம்பகமானது. வெளித்தகட்டின் ஓரத்தை அளவுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பல டிரெய்லர்களில் சட்டத்துக்கு இணையாக ஓடுவதில்லை. மட்டமானதும், தரையிலிருந்து, டிரெய்லரின் முன்முனையில் பந்தைக் கவ்வும் கப்ளரின் உட்குழிவின் மேற்பகுதி வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஹிட்ச் தலையைத் தாங்கும் துளையிட்ட இரும்புத் துண்டான ஷாங்க்கை ரிசீவரில் செருகி, பந்தின் உச்சி அந்த உயரத்தைவிடச் சற்று மேலே வரும்படி ஹிட்ச் தலையைப் பொருத்த வேண்டும். எடை ஏறியதும் டிரக்கின் பின்பக்கம் கொஞ்சம் தாழும் என்பதால் இந்த முன்னேற்பாடு. எவ்வளவு மேலே என்பதை ஹிட்ச் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். பெரும்பாலும் அது அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை இருக்கும். ஷாங்க்கில் துளைகள் ஏறக்குறைய 1¼ அங்குல இடைவெளியில் இருப்பதால் நினைத்த உயரம் அப்படியே கிடைக்காது. இரண்டு துளைகளுக்கு நடுவில் விழுந்தால், டிரெய்லரின் மூக்கைச் சற்றே தாழ்த்தும் துளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கு ஓர் அங்குலம் வரை தாழ்ந்திருப்பதால் கெடுதல் இல்லை. தூக்கியிருந்தால் டிரெய்லரின் நிதானம் குறையும், இரட்டை அச்சு டிரெய்லரில் பின் அச்சுக்குச் சுமை கூடும், பின்கோடியும் பெட்ரோல் நிலைய வாசல்களில் உரசும்.

பந்தின் அளவு கப்ளரில் பொறிக்கப்பட்டிருக்கும்; நடுத்தர, பெரிய டிராவல் டிரெய்லர்களில் அது 2 5/16 அங்குலம். 2 அங்குலப் பந்து அந்தக் கப்ளருக்குள் நுழைந்து, பூட்டிக்கொண்டதுபோலவே தோன்றி, முதல் மேட்டில் கழன்றுவிடும் என்பதால் பந்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன் மட்கார்டில் மூன்று அளவுகள்

இனி டிரக்கின் முன் அச்சு. முன் சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே, மட்கார்டு வளைவின் விளிம்பில் சிறு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதில் மெல்லிய கோடு ஒன்றை இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து அதே கோட்டுக்கே அளக்க வேண்டும். கால் அங்குல வேறுபாடுதான் இங்கே கணக்கு என்பதால், டேப் சாய்ந்தாலோ அளக்கும்போது ஒருவர் வண்டிக்குள் ஏறியிருந்தாலோ கணக்கு தப்பிவிடும். பயணத்துக்கு உரிய சாமான் டிரக்கில் இருக்க வேண்டும், எரிபொருள் தொட்டி நிறைந்திருக்க வேண்டும்.

முதல் அளவு, டிரெய்லர் கோக்காத நிலையில். அது 37 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, டிரெய்லரைப் பந்தின்மேல் இறக்கிப் பூட்டி, ஜாக்கை முழுவதும் மேலேற்றி, ஸ்பிரிங் பார்களை மாட்டாத நிலையில். இப்போது அது 38 அங்குலம் ஆகிறது. அதாவது முன்பக்கம் ஓர் அங்குலம் எழும்பியிருக்கிறது. மூன்றாவது, பார்களை மாட்டிய பின். எழும்பிய அளவில் குறைந்தது பாதியை மீட்க வேண்டும் என்று கையேடு சொன்னால் இலக்கு 37½ அங்குலம்; முழுவதையும் மீட்கச் சொன்னால் 37 அங்குலம். பாதிக்கும் முழுமைக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதில் தயாரிப்பாளர்கள் வேறுபடுகிறார்கள், ஆகவே உங்கள் வண்டியின் கையேடே தீர்ப்பு. எந்த வண்டியிலும் முதல் அளவுக்கு (இங்கே 37) கீழே போகக் கூடாது. முன் அச்சில் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிக எடையை ஏற்றினால், அந்த எடை பின் அச்சிலிருந்து போனதாகத்தான் இருக்கும். ஈரச் சாலையில் திரும்பும்போதோ பிரேக் போடும்போதோ பின் சக்கரங்கள் வழுக்கி டிரக் மடங்கும் அபாயம் அங்கே தொடங்குகிறது.

டிரக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு தாழ வேண்டும் என்ற பழைய அறிவுரையை இன்றும் பலர் சொல்லக் கேட்கலாம். முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் வெவ்வேறு விறைப்பு உள்ளவை என்பதால் சமமாகத் தாழ்வது சமமான எடையைக் குறிக்காது. முன் அச்சின் மீட்பை மட்டும் பார்க்கும் இன்றைய முறையே சரியானது. பின்பக்கம் சிறிது தாழ்ந்து நிற்பது குறையன்று.

பார்களை மாட்டுதலும் இறுக்கத்தை மாற்றுதலும்

கப்ளர் பூட்டி, அதன் பாதுகாப்பு ஊசியும் செருகப்பட்ட பின், டிரெய்லரின் ஜாக்கைக் கீழிறக்கி, டிரெய்லரின் மூக்கையும் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்தே சில அங்குலம் தூக்க வேண்டும். இணைப்பு மேலெழும்போது பார்களின் முனையை டிரெய்லர் சட்டத்தில் உள்ள தாங்கியான அடைப்பின்மேல் ஏற்றுவதும், சங்கிலி வகையில் சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவதும் கைவலிமை தேவைப்படாத வேலைகளாகிவிடும். நெம்புகோலை முழு பலத்தோடு அழுத்தித்தான் மாட்ட முடிகிறது என்றால் இன்னும் போதிய அளவு தூக்கவில்லை என்றே பொருள். இறுக்கத்தில் இருக்கும் பார் நழுவினால் நெம்புகோலைச் சுழற்றி எறியும்; அது சுழலக்கூடிய பாதையில் முகத்தையும் முழங்காலையும் வைத்துக்கொள்ளக் கூடாது, குழந்தைகளை அருகில் நிற்க விடக் கூடாது. இரு பக்கமும் மாட்டிய பின் ஜாக்கை முழுவதும் மேலேற்றி, டிரக்கைச் சில அடி முன்னே நகர்த்தி, நேராக நிறுத்திவிட்டுத்தான் மூன்றாவது அளவை எடுக்க வேண்டும்.

அளவு இலக்கை எட்டவில்லை என்றால் இறுக்கத்தைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஹிட்ச் தலையைப் பந்து டிரெய்லரை நோக்கி இன்னும் சாயும்படி வைப்பது முதல் வழி. அப்போது பார்களின் பின்முனைகள் தளர்ந்த நிலையில் மேலும் தாழ்ந்து நிற்கும், அவற்றை அடைப்புவரை உயர்த்தும்போது வளைவு கூடும். சில வகைகளில் தலைக்கும் ஷாங்க்குக்கும் இடையில் வாஷர்களைக் கூட்டியும், சிலவற்றில் பல்லுள்ள வட்டத்தகட்டை ஒரு பல் திருப்பியும் இந்தச் சாய்வை மாற்றுகிறார்கள். டிரெய்லர் பக்கத்தில் பார் தாங்கும் இடத்தை உயர்த்துவது இரண்டாவது வழி: சங்கிலி வகையில் ஒரு கண்ணி மேலே மாட்டுவது, அடைப்பு வகையில் அந்த அடைப்பை ஒரு துளை மேலே போல்ட் செய்வது.

இரண்டில் சாய்வைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் குறைத்துக்கொண்டே போனால், திருப்பங்களில் பார் முன்னும் பின்னும் நகர இடமில்லாமல் சங்கிலி இழுபட்டு முறுகும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் குறைந்தபட்சக் கண்ணிகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடுகிறார்கள். சாய்வைச் சரியாக வைத்துவிட்டு, இறுதி நுணுக்கத்துக்கு மட்டும் சங்கிலியையோ அடைப்பையோ பயன்படுத்தினால், பயணத்துக்கு ஏற்ப ஒரு கண்ணி கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும். மாட்டிய நிலையில் பார்கள் டிரெய்லர் சட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக நிற்பது சாய்வு சரியாக இருப்பதன் அடையாளம்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம், பின் மறுபடியும் அளவு. இறுக்கம் கூடும்போது இணைப்பு இடம் மேலெழும் என்பதால், முன் மட்கார்டு இலக்குக்கு வந்த பின் டிரெய்லரின் சட்டத்தை முன்னும் பின்னும் மீண்டும் அளக்க வேண்டும். மூக்கு தூக்கிவிட்டிருந்தால் பார்களைத் தளர்த்திச் சமாளிக்காமல், தலையை ஷாங்க்கில் ஒரு துளை இறக்கி, மட்கார்டு அளவுகளைத் திரும்ப எடுக்க வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஒரு காலைப் பொழுது போய்விடும்.

எடைமேடையில் சரிபார்த்தல்

டேப் சொல்வதை உறுதிசெய்யும் இடம் எடைமேடை. நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடைகள் தனித்தனித் தட்டுகளாக அமைந்திருப்பதால், முன் அச்சு ஒரு தட்டிலும் பின் அச்சு அடுத்ததிலும் டிரெய்லரின் அச்சுகள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடைகளும் ஒரே சீட்டில் கிடைக்கும். முதலில் பார்களுடன், அடுத்து பார்களைக் கழற்றி, கடைசியாக டிரெய்லரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு டிரக்கை மட்டும் என்று மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். அதே இடத்தில் உடனே எடுக்கும் மறு எடைகளுக்குக் கட்டணம் குறைவு. மூன்று முறையும் அதே ஆட்கள் வண்டிக்குள் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டிரக் மட்டும் நிற்கும்போது முன் அச்சு 3,100 பவுண்டு, பின் அச்சு 2,500 பவுண்டு. பார்கள் இல்லாமல் டிரெய்லரைக் கோத்தபோது முன் அச்சு 2,780, பின் அச்சு 3,560, டிரெய்லர் அச்சுகள் 5,860. டிரக்கின் கூட்டுத்தொகை 5,600-இலிருந்து 6,340-க்கு ஏறியிருப்பதால் டங் வெயிட் 740 பவுண்டு. டிரெய்லரின் மொத்த எடை 6,600. எனவே டங் வெயிட் 11 சதவீதத்துக்குச் சற்று மேல், ஏற்கத்தக்க அளவு. 740 பவுண்டு பந்தில் அழுத்தியதற்குப் பின் அச்சு 1,060 பவுண்டைச் சுமக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மீதி 320 பவுண்டு முன் அச்சிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பார்களை மாட்டியதும் முன் அச்சு 2,980, பின் அச்சு 3,260, டிரெய்லர் அச்சுகள் 5,960 என்று மாறுகின்றன. இழந்த 320-இல் 200 திரும்பிவிட்டது, அதாவது 62.5 சதவீதம், பாதிக்கு மேல் கேட்கும் கையேட்டுக்கு இது போதும், முழு மீட்பைக் கேட்கும் கையேட்டுக்கு இன்னும் ஒரு சுற்றுச் சாய்வு வேண்டும்.

இதே எண்களை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள லேபிளின் அச்சு வரம்புகளோடும் மொத்த எடை வரம்போடும் ஒப்பிட வேண்டும். பார்கள் டிரெய்லருக்கு அனுப்பியது 100 பவுண்டு மட்டுமே. மீதி 640 பவுண்டு டிரக்கின் தாங்குதிறனில்தான் கழிகிறது. வரம்பு மீறிய டிரக்கை எந்த ஹிட்ச்சும் வரம்புக்குள் கொண்டுவராது. டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பார்களைத் தொட்டுப் பயனில்லை. டிரெய்லருக்குள் கனமான சாமான்களை அச்சுக்கு முன்னால் நகர்த்துவதே மருந்து.

இறுக்குதலும் பராமரிப்பும்

அளவுகள் கூடிவந்ததும் போல்ட்டுகளையெல்லாம் தயாரிப்பாளர் குறித்த விசைக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். 1¼ அங்குலத் தண்டுள்ள பந்தின் நட்டுக்கு 450 அடி-பவுண்டு வரை கேட்கிறார்கள். சாதாரண டார்க் ரெஞ்ச் அந்த அளவை எட்டாது என்பதால், லாரி பழுதுபார்க்கும் பட்டறையில் அந்த ஒரு நட்டை மட்டும் இறுக்கித் தரச் சொல்வது எளிது. முதல் பயணத்தின் பாதியிலும் முடிவிலும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும், ஏனெனில் வண்ணப்பூச்சு தேய்ந்து உலோகம் பொருந்தும்போது இறுக்கம் விட்டுப்போகும்.

பந்துக்கும், பார்கள் தலைக்குள் சுழலும் இடங்களுக்கும் கிரீஸ் இட வேண்டும். உராய்வால் டிரெய்லரின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வகைகளில் பார்கள் உரசும் அடைப்பில் கிரீஸ் படவே கூடாது; அங்கே கிளம்பும் முனகல் சத்தம் எரிச்சலூட்டினாலும் அந்த உராய்வுதான் வேலை செய்கிறது. தனியாகப் பொருத்தும் உராய்வுக் கம்பி இருந்தால், பின்னோக்கி வளைத்து நிறுத்துவதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். செங்குத்தான டிரைவ்வே, ஆழமான பள்ளம் போன்ற இடங்களில் டிரக்குக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் அளவுமீறி மாறுவதால், அவற்றைக் கடக்கும் சில அடிகளுக்குப் பார்களையும் எடுத்துவிடுவது சட்டத்துக்கு நல்லது.

கடைசியாக நிலைத்த அமைப்பை நோட்டில் எழுதிவைக்க வேண்டும்: ஷாங்க்கில் எந்தத் துளை, எத்தனை வாஷர், எந்தக் கண்ணி, மூன்று மட்கார்டு அளவுகள், எடைச்சீட்டின் எண்கள். சங்கிலியின் அந்தக் கண்ணியில் ஒரு பொட்டுப் பெயின்ட் வைத்துவிட்டால் இருட்டில் மாட்டும்போதும் எண்ண வேண்டியிருக்காது. டிரக்கை மாற்றினாலோ, டயரின் அளவை மாற்றினாலோ, டிரெய்லரின் முன்முனையில் இன்னொரு பேட்டரியோ பின்கோடியில் சைக்கிள் தாங்கியோ சேர்த்தாலோ இந்த அமைப்பு செல்லாது. முதல் அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.